திருத்துவதற்கு முன் எண்ணியவள்

இன்று ஆக்லாந்தின் மனுரேவாவில் ரயில் ஏறும்போது, என் ஸ்வெட்டர் கையில் ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டியிருப்பதைப் பக்கத்தில் நின்ற பெண் காட்டினாள். நம் தையல் ஆலையில் பிழையான தையலைக் காட்ட நாம் ஒட்டுவது. உடனே உன் நினைவு வந்தது, தோழி. நீ இருந்திருந்தால், "சரியான ஆள் மேலதான் ஒட்டியிருக்காங்க" என்று சிரித்திருப்பாய்.

தையல் மெஷினில் என் பக்கத்தில் இருந்த உன்னைத் தரம் பார்க்கும் மேசைக்கு மாற்றியபோது, நம் ஆள் ஒருத்தி அங்கே இருப்பது நல்லதென்று லைன் முழுக்கச் சந்தோஷப்பட்டோம். அந்தச் சந்தோஷம் ஒரு கிழமைகூட நிற்கவில்லை. அதுவரை, பிழையான சட்டையைத் திருத்தித் தைத்துவிட்டால் அது நல்ல சட்டைக் கணக்கில் சேர்ந்துவிடும். நீயோ திருத்துவதற்கு முன்பே பிழைகளை எண்ணினாய். எங்கள் பிழை விகிதம் எகிறியது. அதுவும், ஆக்லாந்துப் பள்ளிகளுக்குச் சீருடை வாங்கும் கம்பனியின் ஆள் நேரில் வரவிருந்த நேரத்தில்.

"உனக்கென்ன விசரே? ஓடர் போனா எங்கட வேலையெல்லோ போகும்!" என்று சாப்பாட்டு அறையில் உன்மேல் பாய்ந்தேன்.

"தச்சி சரிபண்ணிட்டா தப்பே நடக்கலன்னு ஆயிடுமா? எங்க தப்பு வருதுன்னே தெரியாம போயிடும் லா," என்றாய் உன் மலேசியத் தமிழில். சொல்லிவிட்டு, உன் மீகூன் நூடுல்ஸ் டப்பாவை என் பக்கம் தள்ளிவைத்தாய். கோபத்தோடேயே சாப்பிட்டேன்.

கம்பனியிலிருந்து வந்த பெண்மணி, விகிதம் ஏன் இப்படிக் கூடியது என்று கேட்டாள். கூடவில்லை, முன்பும் இவ்வளவுதான், இப்போதுதான் ஒழுங்காக எண்ணுகிறோம் என்று நீ நிமிர்ந்து நின்று சொன்னாய். பெரும்பாலான பிழைகள் காலரிலேயே விழுவதை எடுத்துக் காட்டினாய். அவள் தானும் சில சட்டைகளைப் புரட்டிப் பார்த்தாள். காலர் வைக்கும் மெஷினைச் சரிசெய்யச் சொல்லிவிட்டு, ஓடரைத் தொடரச் சம்மதித்தாள். லைனே கைதட்டியது. முதலில் தட்டியவள் நான். உன்னை என் சிநேகிதி என்று சொல்லிக்கொள்ள அன்று எனக்கு அவ்வளவு பெருமை. இன்றும் அப்படித்தான்.

புற்றுநோய் உன்னைக் கொண்டுபோன பின் அந்த மேசை எனக்கு வந்தது. இந்தக் கிழமை புது லைனில் பிழை கூடிவிட்டது. "திருத்தினதைப் பிழைக் கணக்கில சேர்க்காம விடுங்கோ அக்கா, எங்கட வேலை போயிடும்," என்று தைக்கிறவள் ஒருத்தி கெஞ்சினாள். அவள் முகத்தில் இருந்தது என் பழைய பயம்தான். அவள் தோளைத் தட்டிவிட்டு, ஒன்றையும் விடாமல் எண்ணிப் பலகையில் எழுதினேன்.