எட்டாவது தூண்

பெத்தேல் சபை,
லான்வெரன், வேல்ஸ்
ஜனவரி 19

மதிப்பிற்குரிய திருமதி ஹவெல் அவர்களுக்கு,

வணக்கம். கனடாவில் நீங்களும் மகளும் பேரப்பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இது நான்காவது பிரதி. முதல் மூன்றும் அடுப்புக்குப் போயின. இதிலும் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வீட்டுக் குழாய்கள் உறையவில்லை. செவ்வாயும் வெள்ளியும் போய்ப் பார்த்துவிடுகிறேன். மகள் அங்கேயே தங்கிவிடச் சொல்வதாகப் போன கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். அது நல்ல யோசனைதான். நல்ல யோசனை என்றே நினைக்கிறேன்.

இங்கே ஒரு சங்கடம் நடந்துவிட்டது. காரணம் நான்தான்.

பழைய கட்டடங்களின் பட்டியலில் நம் தேவாலயத்தைச் சேர்ப்பதற்காக அடுத்த கோடையில் ஓர் அதிகாரி வருகிறார். நான் நில அளவைத் துறையில் இருந்தவன் என்பதால், அதற்குமுன் உள்ளும் புறமும் அளந்து தரும்படி போதகர் மெரெரித் அம்மையார் கேட்டார். மறுக்கத் தைரியமில்லாமல் ஒப்புக்கொண்டேன். சந்தையைப் பார்த்த முகப்பு கல் அல்ல, கல்லைப் போலக் கோடு கிழித்த சுண்ணாம்புப் பூச்சு. இடப்பக்கத்து மேல் ஜன்னல் வெறும் ஓவியம். அதன் பின்னால் இருப்பது மாடிப்படி. இவை எல்லோரும் அறிந்தவை. யாரும் அறியாதது நம் முப்பத்தொன்றாம் நீள இருக்கைக்கு முன்னால் நிற்கும் தூண்.

மேல்மாடத்தைத் தாங்கும் எட்டுத் தூண்களில் ஏழினைத் தட்டினால் இரும்பு கணீரென்கிறது. நம்முடையதைத் தட்டினால் டொக் என்றது. ஏணி வைத்து ஏறிப் பார்த்தேன். அது மரம். அதன் தலைக்கும் உத்தரத்துக்கும் நடுவே ஒரு புதினா மிட்டாய்த் தாளைச் செருகினேன். எங்கும் முட்டாமல் மறுபக்கம் வந்துவிட்டது. மூன்று நாள், மூன்று முறை செருகிப் பார்த்தேன். வலப்பக்கம் நான்கு தூண், இடப்பக்கம் மூன்றுதான் என்று பார்க்கிறவர்கள் சிரிப்பார்களே என்ற வெட்கத்தில் அக்காலத்து மூப்பர்கள் இதை நிறுத்தி, பளிங்கு வண்ணம் தீட்டியிருக்கிறார்கள். அது எதையும் தாங்கவில்லை.

மூன்று வாரம் மறைத்தேன். நான்காம் வாரம் மனசாட்சி உறங்கவிடவில்லை. அறிக்கையில் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

சபைக் கூட்டத்தில் கசாப்புக்கடை இட்ரிஸ் குதித்தார். அவர் இடம் அந்தத் தூணுக்கு நேர் மேலே என்பது உங்களுக்குத் தெரியும். அவருடைய எடையும் தெரியும். "முப்பது வருஷமா இதை நம்பித்தானய்யா மேல உக்காந்து பாடினேன்! சும்மா நின்னு வேடிக்கை பாத்திருக்கு. கர்த்தர் வீட்ல பொய்யான தூண் எதுக்கு? புடுங்கிப் போடுங்க!" என்றார்.

டிலிஸ் அம்மா விடவில்லை. "பொய் ஆகாதுன்னா முதல்ல முகப்பை இடி. அப்புறம் உன் வாயில இருக்கிற பல்லைக் கழட்டி மேசைமேல வை, இட்ரிஸ்" என்றார். போதகர் இருமலுக்குள் சிரிப்பை ஒளித்துக்கொண்டார்.

சபையில் சேர்ந்த நாற்பத்தாறு ஆண்டுகளில் முதன்முறையாக நான் பேச எழுந்தேன். தூண் இருக்க வேண்டியதற்கு ஏழு காரணங்களைத் தாளில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். தாள் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. "அது அங்கேயே இருக்கட்டுமே" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன்.

"அளந்து காட்டிக் கொடுத்ததே நீங்கதானே வாட்கின் சார்! இப்ப இருக்கட்டும்னா எப்படி?" என்று இட்ரிஸ் கேட்டார். நியாயமான கேள்வி. போதகரின் கண்ணுக்குத் தப்பி அந்தத் தூணுக்குப் பின்னால் இருவர் பதினோரு ஆண்டுகளாக மிட்டாய் தின்கிறார்கள் என்று சபையில் எப்படிச் சொல்வது?

அளக்கும்போது இன்னொன்றும் கண்டேன். கணவர் காலமான பிறகு, பழைய இடத்தில் வெயில் கண்ணைக் கூசுகிறது என்று சொல்லி முப்பத்தொன்றுக்கு வந்தீர்கள். அந்தப் பழைய இடம் வடக்குச் சுவரோரம், மேல்மாடத்தின் நிழலில். அங்கே ஆண்டு முழுவதும் வெயில் விழ வழியில்லை. இரண்டு முறை கணக்கிட்டேன். இதை அறிக்கையில் சேர்க்கவில்லை.

வாக்கெடுப்பில் எடுக்கச் சொல்லிப் பதினான்கு கைகள், இருக்கட்டும் என்று பதினான்கு. "முடிவு சபையோடது, நான் தலையிட மாட்டேன்" என்றார் போதகர். மீதியுள்ள ஒரே அங்கத்தினர் நீங்கள். "திருமதி ஹவெலுக்கு எழுதிக் கேட்போம், பதில் கடிதமே போதும்" என்றும் அவரே சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள்.

அப்போது நான் இரண்டாம் முறையாக எழுந்தேன். என் முழங்கால்கள் எனக்கு முன்பே எழுந்துவிட்டன. விதிப்புத்தகத்தைத் திறந்து பதினேழாம் விதியைப் படித்தேன்: வாக்கு என்பது சபையின்முன் உயர்த்திய கை.

"அதானே! கடுதாசிக்கு ஏது கை?" என்றார் டிலிஸ் அம்மா.

இட்ரிஸ் என்னையும் விதிப்புத்தகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அந்தப் பெரிய வயிறு குலுங்கத் தொடங்கியது. "அட, இதுதான் சங்கதியா! தாங்காத தூணுக்கு இவ்வளவு வக்காலத்து எதுக்குன்னு இப்பல்ல புரியுது. போதகரம்மா, வாட்கின் சார் சொல்றதே சரி. அந்தம்மா நேர்லதான் வரணும்" என்று அவரே வழிமொழிந்தார். என் காதுகள் சூடாகிவிட்டன. ஆனாலும் புத்தகத்தை மூடவில்லை.

அடுத்த கூட்டம் மார்ச் எட்டு, ஞாயிறு பிற்பகல் மூன்று மணி. பழக்கதோஷத்தில் மிட்டாய்ப் பொட்டலம் பழைய அளவிலேயே வாங்குகிறேன். பாதி இருக்கைப் பலகையில் மிஞ்சிக் கிடக்கிறது.

நீங்கள் எந்தப் பக்கம் வாக்களிப்பீர்கள் என்று கேட்க எனக்கு உரிமையில்லை. தூணை எடுத்துவிடச் சொன்னாலும் மனதார ஏற்றுக்கொள்வேன். மிட்டாய் தின்னும் நம் இருவரையும் போதகர் பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டும். கை மட்டும் இங்கே வந்து உயர வேண்டும்.

கடவுள் உங்கள் பயணத்தைக் காப்பாராக.

முப்பத்தொன்றாம் இருக்கையிலிருந்து,
எம்ரிஸ் வாட்கின்

இணைப்பு: பதினேழாம் விதியின் நகல்.