உமக்கு அளவெடுத்த வில்

ஓய், மேலே எந்த வரிசையில் நின்றாலும் நீர் முன்னால் நிற்பவரின் முதுகைத் தட்டி அவசரப்படுத்திக்கொண்டுதான் இருப்பீர். கொஞ்சம் திரும்பிக் கேளும். எங்கள் குலதெய்வத்தின் மேலும் லேக் மார்க்கெட் இட்லிப்பொடியின் மேலும் ஆணையாகச் சொல்கிறேன்: நான் இப்போது எழுதப்போகும் கதையை ஈரேழு பதினான்கு லோகத்திலும் ஒருவரும் நம்பமாட்டார்கள்.

பெஹாலாவில், மைதானத்தை ஒட்டி, நமக்கு வில் பழக்கிய திதியின் அறையில் உட்கார்ந்திருக்கிறேன். உட்கார்ந்திருக்கிறேன் என்பதே பொய். எழுகிறேன், வாசல்வரை போகிறேன், திரும்பி வந்து இரண்டு வரி எழுதுகிறேன், மறுபடி எழுகிறேன். நாணுக்குத் தடவும் மெழுகின் வாசனை என்னை இருக்கவிடவில்லை. திதி அதைத் தேய்த்துக்கொண்டிருப்பது உம்முடைய வில்லின் நாணில். உம் மகள் போன வாரம் கொண்டுவந்து கொடுத்தாள். "அப்பா வில்லு ஒங்ககிட்டயே இருக்கட்டும் மாமா. சும்மா செவுத்துல மாட்டிராதீங்க, அம்பு விடுங்க."

விடலாம். ஆனால் உம் கை நெட்டை, என் கை குட்டை. நுனிகளில் சக்கரம் வைத்த இந்தக் காம்பவுண்ட் வில் தைத்துப்போட்ட சட்டை மாதிரி. ஒருவர் கைக்கு வைத்துவிட்டால் நாண் அந்த இடத்தில்தான் வந்து நிற்கும், ஒரு விரல்கடை கூடத் தள்ளாது. நான் இழுக்க வேண்டுமானால் சக்கரத்தில் இருக்கும் சின்னத் துண்டைக் கழற்றித் தள்ளி முடுக்கவேண்டும். அதன்பிறகு அது உம் அளவு இல்லை. உம் சட்டைகளை மதினி தானம் கொடுத்தாயிற்று. உம் கையின் நீளம் உலகத்தில் மிச்சம் இருப்பது இந்த வில்லில் மட்டும்தான். திதி முடுக்கும் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, நீளத்தைக் குறைத்துவிடலாமா என்று கேட்டாள். ஒரு கடிதம் எழுத வேண்டியிருக்கிறது, பொறு என்றேன். என்னைப் பைத்தியம் என்று அவள் நினைப்பது இது முதல் தடவை அல்ல.

பணி ஓய்வுக்குப் பின் ஊரெல்லாம் முழங்கால் வலியைப் பற்றிப் பேச, நீர் வில்வித்தை என்றீர். ஹவுராவில் யாரிடமோ ஒரு பழைய வில்லை வாங்கிவந்து மொட்டைமாடியில் இழுத்தீர். அது பீமன் தன் அண்ணன் மேல் கோபத்தில் செய்வித்த வில். நீர் இழுத்த இழுப்பில் ரஸ்பிஹாரி அவென்யூ டிராம் எல்லாம் ஒரு முழம் பின்னால் வந்தது. நாண் உம் முன்கையில் அடித்த அடியில் மேற்கு வங்காள வரைபடமே கன்றிப்போய் நின்றது, டார்ஜிலிங் உட்பட. தோளுக்கு ஒத்தடம் கொடுத்தே மதினியின் கை தேய்ந்தது.

அப்புறம்தான் திதியிடம் வந்தோம். நம்மில் பாதி வயசு, ஆனாலும் மைதானத்தில் எல்லாருக்கும் அவள் திதி, அக்கா. அந்த வில்லைப் பார்த்ததும் அவள் தலையில் கைவைத்துக்கொண்டாள். நீளமும் தப்பு, இழுக்கும் எடையும் தப்பு. தப்பான வில்லில் பழகினால் தப்புதான் பழகும் என்று வங்காளத்தில் திட்டினாள். உம்மைச் சுவரோரம் நிறுத்திக் கைகளை விரிக்கச் சொன்னாள். ஒரு விரல்நுனி ஹவுரா பாலத்தைத் தொட்டது, இன்னொன்று சுந்தரவனத்தில் புலியைச் சொறிந்தது. அந்த அளவுக்கு வேறொரு வில்லைத் தருவித்து, எடையை அடிமட்டத்தில் வைத்துக் கொடுத்தாள். உமக்கு முகம் சுருங்கிவிட்டது. "இது பாப்பா வில்லுல்லா, வே" என்றீர்.

அந்த அவசரத்தில்தான் அது நடந்தது. அவள் அம்பெடுக்கத் திரும்பியதும், வெறும் வில்லையே இழுத்துப் பிடித்தீர். அம்பில்லாமல் நாணை விட்டால் வில்லே உடையும். திதி அதைப் பார்த்து "சாட்பேன் நா" என்று கத்தினாள். சாட்பேன் என்றால் விடுங்கள்; பின்னால் வரும் நா சேர்ந்தால்தான் விடாதீர்கள். முப்பது வருஷமாய்க் கல்கத்தாவில் இருந்தும் நீர் ஒரு வாக்கியத்தின் 'நா' வரைக்கும் காத்திருந்ததில்லை. கல்யாண வீடுகளில் நீர் "வேண்" என்றதுமே, "டாம்" வருமுன் பரிமாறுகிறவர்கள் உம் இலையில் பாயசத்தை ஊற்றிவிடுவார்கள். அவர்களுக்கும் உம்மைப்போலவே அவசரம் என்பீர். சாட்பேன் காதில் விழுந்தது, விட்டுவிட்டீர். அந்த வெடியில் லேக்கில் இருந்த காக்கையெல்லாம் ஒரிசாவுக்குக் குடிபெயர்ந்தன. வில்லின் வளையும் இரண்டு கைகளில் ஒன்று பிளந்தது, நாண் சக்கரத்தைவிட்டுக் கழன்று தொங்கியது.

வில்லுக்குப் புதுக் கை வெளியூரிலிருந்து வரவேண்டும். வர மாதங்கள் ஆயின. அதற்குள் டாக்டர்கள் உம் வயிற்றுக்குள் வேறொன்றைக் கண்டுபிடித்துவிட்டார்கள். தினமும் போனில் கேட்பீர், "கை வந்துச்சா வே?" நான் வழக்கம்போல அளந்துவிடுவேன்: கப்பலில் வருகிறது, கடற்கொள்ளையர் பிடித்துக்கொண்டார்கள், பேச்சுவார்த்தை நடக்கிறது. நீர் சிரிப்பீர். போனை வைத்துவிட்டு நான் திதியை நச்சரிப்பேன். எது முந்துமோ என்று எனக்குத் தூக்கமே இல்லை.

கை முந்தியது. நீர் பாதி ஆளாய் டாக்சியில் வந்து இறங்கினீர். திதி எடையை இன்னும் குறைத்தாள். பாப்பா வில் என்று நீர் சொல்லவில்லை. அம்பைப் பூட்டி இழுத்தீர். பாதிவரை உம் கழுத்து நரம்பு புடைத்தது. அப்புறம் சக்கரம் உருண்டு பாரம் விட்டுப்போயிற்று, நாண் உம் கன்னத்தில் வந்து தங்கியது. நீர் விடவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக நீர் நின்றீர்.

"விடவா, வே?"

"இரும்" என்றேன்.

இருந்தீர். பிறகு நீராகவே விட்டீர். அந்த அம்பு இலக்கைத் துளைத்து, கங்கையைத் தாண்டி, ஹவுரா ஸ்டேஷன் கடிகாரத்தை நிறுத்தி, சென்னை மெயிலில் ஏறித் திருநெல்வேலிக்கே போய்ச் சேர்ந்தது என்றுதான் உம் வீட்டில் எல்லாரிடமும் சொன்னேன். பதினாறாம் நாளன்று கூட அப்படித்தான் சொன்னேன். சிரித்தார்கள்.

திதி வந்து நிற்கிறாள். குறைத்துவிடு என்று சொல்லிவிட்டேன். உம் நீளத்தில் நான் இழுத்துத் தோளைக் கெடுத்துக்கொண்டால் நீரே மேலிருந்து ஏசுவீர். சாவி திரும்புகிறது, நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு எழுதுகிறேன்.

டிராம், புலி, காக்கை, கடற்கொள்ளையர் எல்லாம் தள்ளுபடி. கங்கையும் தள்ளுபடி, அம்பு இலக்கின் வெளிவளையத்து ஓரத்தில்தான் தொற்றிக்கொண்டு நின்றது. ஒரே ஒரு சின்ன விஷயத்தை மட்டும் நான் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை: அன்றைக்கு அந்த வில் உமக்குச் சரியாக இருந்தது.