ஜூன் ஒன்றாம் தேதி வாழ்த்து

சாம்பியன் ரீப்ஸ்
2 ஜூன் 2024

வாணிக்கு,

பெருமாள் எழுதுவது. ஆறு வருடத்துக்குப் பிறகு என்னை எழுதவைத்தது பாசம் அல்ல.

நேற்றுக் காலை என் போனில் ஒரு பிறந்தநாள் வாழ்த்து அட்டை வந்தது. பலூன் பறக்கிறது, பாட்டு ஒலிக்கிறது, என் பெயர் மின்னுகிறது. கீழே ‘அன்புடன் வாணி’. அதற்கும் கீழே உன் புருஷன் சுனிலுடைய கம்பெனிப் பெயரும் பங்காரப்பேட்டை வீட்டுமனைகளுக்குச் சலுகையும். ஒரு நிமிடம், தங்கை என்னை நினைத்தாள் என்றே நம்பினேன். அதற்குள் எங்கள் தங்கவயல் குடியிருப்பு லைனில் பாதி வீடுகளில் அதே பாட்டு.

பிறந்த தேதி தெரியாத பிள்ளைகளையெல்லாம் நம் ஹெட்மாஸ்டர் ஜூன் ஒன்று என்று எழுதித்தான் பள்ளியில் சேர்த்தார். ஆதாரிலும் அதுவே நின்றுவிட்டது. நான் ஐப்பசியில் பிறந்தவன் என்பது உனக்குத் தெரியும். உங்கள் கம்பெனி திருவிழாவில் வைத்த பரிசுக் குலுக்கல் சீட்டில் லைன்காரர்கள் எழுதிக் கொடுத்த தேதியை நீ அப்படியே மெஷினில் போட்டுவிட்டாய்.

பக்கத்து வீட்டு ராஜப்பா மாசியில் செத்துப்போனார். அவர் போனுக்கும் வந்தது, ‘நூறாண்டு வாழ்க’ என்று. அவர் மனைவி பார்வதம்மா அதை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். “நம்ம வாணிப் பொண்ணு அவரை மறக்கல பாருங்க வாத்தியாரே. நன்றின்னு ஒரு வரி எழுதுங்க” என்கிறாள்.

என்ன எழுதட்டும்?

பெருமாள்


பெங்களூரு
9 ஜூன் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

உறையில் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். திட்டுவதற்காவது எழுதினீர்களே.

ராஜப்பா அண்ணன் தவறியது எனக்குத் தெரியாது. பார்வதம்மா அக்காவிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

மற்றவர்களுக்கெல்லாம் மெஷின்தான் அனுப்பியது. உங்கள் பெயர் எந்தச் சீட்டிலும் இல்லை, அண்ணா. அதை நான் என் கையால் சேர்த்தேன். என் நம்பரையும் மகள் ராதிகா நம்பரையும் பிளாக் செய்துவிட்டீர்கள். எழுதிய இரண்டு கடிதமும் பிரிக்காமலே திரும்பி வந்தன. கம்பெனி நம்பர் ஒன்றுதான் மிச்சம். ஐப்பசிவரை காத்திருந்தால் ஆடி அமாவாசை போய்விடும்.

ஆறு வருடத்துக்கு முன் அம்மா கோலார் ஆஸ்பத்திரியில் கிடந்ததை நீங்கள் சொல்லவில்லை. தகனம் முடிந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. இந்த ஆடி அமாவாசைக்கு அம்மாவுக்குப் படைக்கும்போது நானும் வரட்டுமா? சுனில் வரமாட்டார். நான் மட்டும் ரயிலில் வந்து, அன்றே திரும்பிவிடுகிறேன்.

உங்கள் தங்கை
வாணி


சாம்பியன் ரீப்ஸ்
20 ஜூன் 2024

வாணிக்கு,

வராதே.

சொல்லவில்லை என்கிறாய். நீ கேட்டாயா? நீ சுனிலோடு போன அன்று அம்மா வாசலில் நின்று லைன் முழுக்கக் கேட்க அழுதாள். அந்த வாசலை இன்றும் தாண்டிப் போய்வருகிறவன் நான். படையலையும் நான் ஒருவனே வைத்துக்கொள்கிறேன்.

பார்வதம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். மனை விற்பதற்காக மெஷின் அனுப்பியது, அதில் அன்பும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை என்றேன். அவள் சிரித்தாள்.

“மெஷினா இருந்தா இன்னா வாத்தியாரே? இப்ப அவர் பேரை யாரு சொல்றாங்க? அடுத்த வருசமும் அனுப்பச் சொல்லுங்க.”

எனவே ராஜப்பா பெயரை எடுக்காதே. என் பெயரை எடுத்துவிடு. கம்பெனி நம்பரையும் இன்று பிளாக் செய்துவிட்டேன்.

பெருமாள்