சக்கரவர்த்தியின் உடம்புச் சூடு

ஜூலை 8, செவ்வாய்

ஃப்ரீமான்ட். வெயில். சாதாரண வெயில் அல்ல. சூரியன் மற்ற ஊர்களுக்கு லீவு சொல்லிவிட்டு என் அபார்ட்மென்ட் ஜன்னலில் ஓவர்டைம் பார்க்கிறான். ஏ.சி. கிடையாது. ‘பே ஏரியாவில் ஏ.சி. எதற்கு?’ என்று இருபது வருடம் முன்பு பிரகடனம் செய்த மகான் நானே. ஒரே ஒரு டேபிள் ஃபேன். தலையை ஆட்டாதபடி பின்மண்டைக் குமிழை இழுத்துவிட்டு, என் முகத்துக்கு நேராக நிறுத்தியிருக்கிறேன். காற்றுக்கு வேறு பங்காளி யார்?

உள்ளங்கால் எரிச்சல். தோசை வார்க்கலாம். எங்கள் டாக்டர்: “எவ்ரிதிங் நார்மல்.” தெர்மாமீட்டரில் வராத சூடு ஒன்று உண்டு என்று இந்த நாட்டுக்கு முப்பது வருடமாக விளக்குகிறேன். தோல்வி.

மாலை மரகதம் போன். நாட்டின் மறுகோடியில், ஜெர்சி சிட்டியில் மகள் நித்யா வீட்டில் இருக்கிறாள், பேத்தி மீராவைப் பார்த்துக்கொள்ள. ஆறு வாரம் என்று போன மனைவி. இது பதினாலாவது மாதம்.

“ஏங்க, டேகேர்ல இடம் வந்திருக்காம். அதுல போடலேன்னா நான் அடுத்த ஜூன் வரைக்கும் இருக்கணும். மாசக் கடைசிக்குள்ள சொல்லணுமாம். நீங்க என்ன சொல்றீங்க?”

“எனக்கென்ன? சக்கரவர்த்தி மாதிரி இருக்கேன். மந்திரி சபையைக் கூட்டிச் சொல்றேன்.”

“அதான, உங்களுக்கு என்ன குறை.”

வைத்துவிட்டாள். மந்திரி சபை: நான், ஃபேன்.

ஜூலை 9, புதன்

காலை நடை. ஏரிக்கரையில் பழனி, நடைத் தோழர், ரிட்டயர்டு. நான் நொண்டுவதைப் பார்த்துவிட்டார்.

“சார், இது உடம்புச் சூடு. மில்பிடாஸ்ல ஒரு சைனீஸ் லேடி ஊசி குத்துறாங்க. என் மூட்டுவலியே போயிடுச்சு.”

“ஊசியா? எனக்கு வீரம் நிறைய, தைரியம்தான் கம்மி.”

அப்பாயின்ட்மென்ட் வெள்ளி.

வாங்க: மோர் மிளகாய், பல்பு, உப்பு. (சாப்பாட்டு மேஜையில் மூன்று நாற்காலியில் துணி. நான்காவதில் நான்.)

ஜூலை 11, வெள்ளி

நெயில் சலூனுக்கும் சலவைக் கடைக்கும் நடுவில் சின்ன அறை. டாக்டர் லின். என் வயது இருக்கும், என் உயரத்தில் பாதி. நாக்கை நீட்டச் சொன்னார். நீட்டினேன். பார்த்தார். இரண்டு மணிக்கட்டிலும் மூன்று விரல் வைத்து நாடி. ஒவ்வொரு கைக்கும் ஒரு யுகம். டி.வி. இல்லை, கம்ப்யூட்டர் இல்லை, என்னைத் தவிர எதையும் பார்க்கவில்லை.

“டங் ரெட். ஹீட். இன்சைட். டூ மச்.”

எழுந்து நின்று தேசிய கீதம் பாடலாம் போலிருந்தது. முப்பது வருடத்தில் என் சூட்டை ஒப்புக்கொண்ட முதல் மனுஷி!

முழங்கை மடிப்பில், கணுக்காலில், கால் விரலிடுக்கில் ஊசி. மொத்தம் ஆயிரம். சரி, பதினொன்று. தலைமுடி கனம்கூட இல்லை. குத்திக்கொண்டே வீட்டில் யார் யார் என்று விசாரித்தார்; மனைவி ஜெர்சியில் என்றேன். வலிக்கும் என்று கண்ணை மூடினேன், தூங்கிப்போனேன்.

உத்தரவுகள்: ஐஸ் வாட்டர் தொடக் கூடாது (வயிறு கோபித்துக்கொள்ளுமாம்). செவ்வந்திப்பூ டீ. தர்பூசணி. பச்சைப் பயறு வேகவைத்த தண்ணீர். மிளகாய்க்குத் தடை.

மொத்தம் மூன்று தடவை வந்தால் போதுமாம்.

வீட்டுக்கு வந்தபின் தோன்றியது: என் கையை ஒருத்தர் கடைசியாகப் பிடித்தது எப்போது? ஏர்போர்ட். மரகதம். ஒரு கையைத்தான், மறு கையில் பெட்டி.

ஜூலை 15, செவ்வாய்

இரண்டாவது தடவை. லின் நாக்கைப் பார்த்துச் சிரித்தார்.

“குட். வெரி கூல். ஃப்ரைடே லாஸ்ட். ஃபினிஷ்.”

கால் எரிச்சல் நிஜமாகவே இல்லை. இரவெல்லாம் இமயமலைத் தூக்கம். சந்தோஷப்பட வேண்டும். கார் பார்க்கிங்கில் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன்.

வெள்ளிக்கப்புறம் செவ்வாய்க்கிழமைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஜூலை 17, வியாழன்

மோவ்ரி அவென்யூ இந்தியக் கடை. பயறு வாங்கப் போனேன். கல்லாப் பக்கத்தில் ஈரத்துணியில் வெற்றிலை. அந்தக் கணம் மூளையில் மின்னல். உலக வரலாற்றின் மகத்தான சதி உருவானது.

வாங்கியது: வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு. பயறு மறந்தது.

ஜூலை 18, வெள்ளி

காரில் உட்கார்ந்து மென்றேன். வாய் கொப்பளித்தேன். கண்ணாடியில் நாக்கு செக்கச்செவேல்.

லின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம். பிறகு நாடி, இரண்டு கையும்.

“வெரி ரெட்,” என்றார். “யூ கம் டியூஸ்டே.”

கூடுதலாக நான்கு ஊசி. வாங்கிக்கொண்டேன். வெற்றி.

ஜூலை 20, ஞாயிறு

படுதோல்வி.

செவ்வாய்க்கான ஒத்திகையில் வாய் நிறைய வெற்றிலை. அந்த நேரம் பார்த்து வீடியோ கால். பழக்க தோஷத்தில் எடுத்துவிட்டேன்.

மீரா: “தாத்தா, இஸ் தட் பிளட்?”

பின்னாலிருந்து மரகதம் வந்தாள். “வாயைத் திறங்க. கல்யாண வீட்டுல குடுத்தாலே வேணாம்னுவீங்க. இப்ப யாரு வீட்டுக் கல்யாணம்?”

விழுங்கினேன். சதியை ஒரு காவியமாகச் சொன்னேன்: சீன வைத்தியர், ஊசிப் படை, சிவந்த நாக்கு. மீரா சிரித்தாள். மரகதம் சிரிக்கவில்லை.

“உடம்புதான் சரியாயிடுச்சே. அப்புறம் எதுக்கு ஊசி குத்திக்கப் போறீங்க?”

“அங்க படுத்தா நல்ல ஃபேன் காத்து வருது.”

போனுக்குக் கிட்டே குனிந்து என் பல்லைப் பார்த்தாள். “சரி, வைக்கிறேன்.”

டேகேர் பற்றி அவளும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஜூலை 22, செவ்வாய்

வெற்றிலை போடாமல் போனேன். லின் முன்னால் நாக்கை நீட்டி, வெற்றிலைப் பொட்டலத்தையும் மேஜையில் வைத்துச் சரணடைந்தேன். அவர் ஒரு இலையை எடுத்து மோந்து பார்த்தார்.

“ஐ நோ. டீத் ஆல்சோ ரெட். டீத் நோ ஹீட்.”

“தென் ஒய் ஃபோர் எக்ஸ்ட்ரா நீடில்?”

“பனிஷ்மென்ட்!” குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். நானும். சிரிப்பு நின்றதும் கேட்டார், “ஒய்ஃப், வென் கம் பேக்?”

ஏதாவது பெரிதாகச் சொல்ல வாயைத் திறந்தேன். கையைத்தான் நீட்டினேன். ஊசி போடவில்லை, நாடியும் பார்க்கவில்லை. சும்மா கையை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தார்.

மதியம் நானே போன் போட்டேன்.

“மரகதம், நான் சக்கரவர்த்தி மாதிரியெல்லாம் இல்ல.”

அந்தப் பக்கம் குக்கர் விசில்.

“அடுத்த ஜூன் வரைக்கும் முடியாது. வந்துடு.”

“ஞாயித்துக்கிழமையே டேகேர்ல மீரா பேரைப் பதிஞ்சாச்சுங்க. உங்க பல்லைப் பாத்த அன்னிக்கே. வாயைத் திறந்து கேப்பீங்களான்னுதான் காத்திட்டிருந்தேன்.”

“ஞாயித்துக்கிழமையேவா?”

“ஆமா. நாக்கைத்தான் ஊருக்கெல்லாம் நீட்டிக் காட்டுறீங்க. அதுல ஒரு வார்த்தை வர்றதுக்கு பதினாலு மாசம்.”

ஜூலை 23, புதன்

வெயில் அதேதான். அடுத்த சனி, சான் ஹோஸே, மதியம் மரகதத்தின் ஃப்ளைட்.

செய்ய: நாற்காலித் துணி மடிக்க. பயறு வாங்க, இந்தத் தடவை மறக்காமல். லின்னுக்கு ஒரு தர்பூசணி.

ஃபேன் குமிழை அமுக்கினேன். பதினாலு மாதத்துக்குப் பிறகு தலையைத் திருப்புகிறது, கட்டிலில் அவள் பக்கம் வரை போய் வருகிறது. கடக் கடக் என்று சத்தம். எண்ணெய் விட வேண்டும்.