ஒயர் சரியில்லை

ஜூலை 8

வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். இங்கேயாவது எழுதிவிடுகிறேன்.

மாணவர்கள் தங்கள் தசையில் எழும் மின்சாரத்தைத் தாங்களே திரையில் பார்த்துப் படிக்கும் அந்தச் செய்முறை வகுப்பு என்னுடையது. ஒட்டாத எலக்ட்ரோடுகளோடு வருஷக்கணக்கில் மல்லுக்கட்டியவன் நான். இன்று ஆய்விதழில் அதைப் பற்றிக் கட்டுரை. துறைத்தலைவர் பெயரில். என் பெயர் அடிக்குறிப்பில்கூட இல்லை.

ஜூலை 9

மனைவியிடம் சொன்னேன். "உங்க பதவி உயர்வு ஃபைல் அவர் மேசையில இருக்கு. இப்பப் போய் வாயைக் கொடுத்து மாட்டிக்காதீங்க."

அவள் சொன்னதில் தப்பில்லை. அதுதான் எரிச்சல்.

ஜூலை 12

ஒன்றும் செய்யவில்லை.

ஜூலை 15

இன்று வகுப்பில் தாடைத் தசை. கன்னத்தைக் காட்ட ஒருவரும் முன்வரவில்லை, நானே உட்கார்ந்தேன். கடைசி பெஞ்சுக்காரி ஸ்பிரிட்டால் துடைத்து எலக்ட்ரோடு ஒட்டினாள். பல்லைக் கடித்தால் அலை எகிறும்; விட்டால் கோடு படுத்துவிடும். காட்டினேன்.

கோடு படுத்திருந்த நேரம் பார்த்துத் துறைத்தலைவர் ஒரு விருந்தினரோடு நுழைந்தார். "இது நம்ம ஐடியாதான், கட்டுரை பார்த்திருப்பீங்களே. சார் கூடமாட உதவி பண்றாரு."

நான் அசையவில்லை. அவர்கள் போனார்கள்.

எலக்ட்ரோடு ஒட்டியவள் திரையைப் பார்த்தாள். "சார், நீங்க சும்மாதானே இருந்தீங்க? கோடு ஏன் இந்த எகிறு எகிறுது?"

பின்னாலிருந்து ஒரு குரல்: "ஹெச்.ஓ.டி.யை மென்னுட்டு இருக்கார்டி."

வகுப்பே சிரித்தது. ஒயர் சரியில்லை என்றேன். பாவம், அவள் நம்பி ஒயரை மாற்றினாள். கோடு இறங்கவே இல்லை.

ஜூலை 16

தாடை வலிக்கிறது. ஏன்டா, ஒரு வார்த்தை வரலையே உனக்கு? அத்தனை பேர் முன்னாடி, "இது என்னோடது"ன்னு— பதவி உயர்வு வந்தாலும் அந்த ஆளுக்குக் கீழேதான். வராவிட்டாலும் கீழேதான். பிறகு எதற்கு இந்தப் பயம்?

ஜூலை 19

இந்தப் பக்கங்களைத் தட்டச்சு செய்து, அன்று திரையில் எகிறிய கோட்டின் அச்சையும் சேர்த்து உறையில் வைத்தேன். அந்த ஆய்விதழின் ஆசிரியருக்கு. கையெழுத்துப் போடும் இடத்தில் பேனா நின்றுவிட்டது. என் பெயரைத் துறைத்தலைவர் விட்டுவிட்டார் என்றுதான் இத்தனையும். இப்போது நானே விட்டேன்.

மனைவி எட்டிப் பார்த்தாள். "பேர் போடலைன்னா மட்டும்? படிச்சா நீங்கதான்னு தெரியாதா?"

"ஒயர் சரியில்லைன்னு சொல்லிக்கறேன்."

அவளுக்குப் புரியவில்லை. உறையை ஒட்டிவிட்டேன். காலையில் தபாலில் போடுகிறேன், பெயரில்லாமலே.