கவுஞ்சியில் ஒரு டிஸ்க் டிரைவ்

நவம்பர் 7, 2025, வெள்ளி

மழை. பட்டென்று ஒரு சத்தம், கருகிய வாடை. கம்ப்யூட்டரின் பவர் சப்ளை போச்சு. இரண்டு வருஷத்தில் இது மூன்றாவது. போன தடவை ஹார்ட் டிஸ்க்கையும் சேர்த்துக் கொண்டுபோனது. நான் எடிட் செய்துகொண்டிருந்த பள்ளங்கி ஊர்க் காதுகுத்து வீடியோ மொத்தமும் போய், அந்த வீட்டு வாசலில் நின்று மன்னிப்புக் கேட்டேன். இன்னொரு வீட்டில் அப்படி நிற்க முடியாது.

நவம்பர் 8, சனி

பக்கத்து வீட்டுக் கருப்பம்மாள் அக்கா தன் கல்யாண டிவிடியோடு வந்தார்.

"பதினேழு வருசமாச்சு ரம்யா. போட்டுப் பாக்க ஒரு வீட்லயும் டிவிடி பெட்டி இல்ல. வர்ற வெள்ளி கல்யாண நாளு. எப்படியாச்சும் போட்டுக் காட்டு."

டிஸ்க் முழுக்கக் கீறல். என் கம்ப்யூட்டரில் டிரைவே கிடையாது. "சரிக்கா" என்றேன். ஏன் சொன்னேன்?

கோகுல் சிரித்தார். "இந்தக் காலத்துல எவ டிஸ்க் டிரைவ் வாங்குவா?"

உங்க பொண்டாட்டிதான்.

நவம்பர் 10, திங்கள்

வெள்ளனே பஸ் ஏறித் திண்டுக்கல் போனேன். கடைக்காரர் செல்வமுருகன் கலர் லைட் எரியும் பவர் சப்ளையை எடுத்து வைத்தார். தூக்கிப் பார்த்தேன். தக்கை. அடுத்ததையும் தூக்கினேன்.

"என்னங்க, எடை போட்டா வாங்குறீங்க?"

"பூண்டு வெளையுற ஊருங்க. தூக்குனாலே பொக்குன்னு தெரிஞ்சிரும்."

சிரித்துக்கொண்டே உள்ளேயிருந்து ஒன்று கொண்டுவந்தார். லைட் இல்லை, நல்ல கனம். நூறு வோல்ட்டுக்கு இறங்கினாலும் ஓடும், ஐந்து வருஷ வாரண்டி. எங்கள் ஊர்க் கரண்டுக்கு இதுதான்.

டிரைவுகளுக்கு அக்காவின் டிஸ்க்கைக் கொண்டே பரீட்சை வைத்தேன். புத்தம்புது டிரைவ் இரண்டு கரகரத்துவிட்டு அதை வெளியே தள்ளின. மூன்றாவது, பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய தடித்த டிரைவ். முனகியது, முனகியது — திரையில் ஒரு வாழைமரம்!

"வாரண்டி கெடையாதுங்க. ஆனா ஒழைக்கும்."

நவம்பர் 12, புதன்

வாங்கி வந்த இரண்டையும் மாட்டியாயிற்று. அக்காவின் டிஸ்க் காப்பி ஆகும்போது ட்யூப்லைட் இரண்டு தரம் மங்கியது. கம்ப்யூட்டர் அது பாட்டுக்கு ஓடியது.

நவம்பர் 14, வெள்ளி

தாலி கட்டும்போது அக்கா தேம்பித் தேம்பி அழுததாக அவர் வீட்டுக்காரர் செல்லப்பாண்டி அண்ணன் ஊரெல்லாம் சொல்லித் திரிவார். திரையில் அழுதவர் அண்ணன்!

"இந்தா பாருங்க! யாரு அழுகுறா?"

"அது ஓமப்பொகைடி."

சிரித்துச் சிரித்து எங்களுக்கு வயிறு வலித்தது. அக்கா மட்டும் சட்டென்று எழுந்து திரையருகே போனார். பந்தியில் சாம்பார் வாளியோடு அவருடைய அப்பா. இப்போது இல்லை.

"எங்கய்யா எம்புட்டு வெரசா நடக்குறாரு பாரு" என்றார். அந்த இடத்தை மறுபடி மறுபடி போடச் சொன்னார். ஆறு தடவை போட்டேன்.

நவம்பர் 19

விஷயம் ஊரில் பரவிவிட்டது. இன்று மட்டும் நான்கு டிஸ்க். ஒன்று கடைசிவரை படிக்கவில்லை. அதைச் சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். கொண்டுவந்தவர் கோபப்படவில்லை.

டிசம்பர் 6, சனி

கொடைக்கானல் பஸ் எங்கள் வீட்டெதிரே நின்றது. இங்கே ஸ்டாப்பே கிடையாது. "டிஸ்க்கு வீடெல்லாம் எறங்குங்க!" என்று கண்டக்டர் குரல். மஞ்சப்பையோடு மூன்று பேர் இறங்கினார்கள்.

கோகுல் உள்ளே போய் நாற்காலிகளை எடுத்துவந்து போட்டார்.