நூற்றிருபது அடிப் பாறை

1868 பிப்ரவரி 3
காலையிலேயே மேஸ்திரி டிகரி ட்ரெம்பாத்தோடு வாய்ச்சண்டை. நாங்கள் வெட்டிக்கொண்டிருக்கும் முகப்புப் பாறையின் ஈரத்தை நக்கிப் பார்த்துவிட்டு, "துருவாட்டம் ருசிக்குது. பழைய சுரங்கத்துத் தண்ணி ஐயா. முன்துளை போட்டு, அந்தப் பக்கம் தண்ணி இருக்கான்னு பாத்துட்டு வெட்டுவோம்" என்கிறான். இந்தக் கார்ன்வால் சுரங்கக்காரனுக்கெல்லாம் நாக்குதான் ஆய்வுக்கூடம்!

பக்கத்துத் தகரச் சுரங்கத்தைக் கைவிட்டு நாற்பத்தேழு வருஷமாகிறது. உள்ளே நீர் நிரம்பிக் கிடக்கிறது. அதன் 1821ஆம் வருஷத்து வரைபடத்தை எங்களுடையதன்மேல் பொருத்திப் பார்த்த சர்வேயர் நான். நடுவே நூற்றிருபது அடிப் பாறை இருக்கிறது. சொன்னேன்.

"உங்க படத்தை அந்தப் பாறை பாத்திருக்கா ஐயா?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. துளையும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், வெட்டுங்கள் என்று உத்தரவு போட்டேன்.

பிப்ரவரி 6
பழைய சுரங்கத்துத் தண்ணீர் உள்ளே பாய்ந்துவிட்டது. பதினோரு பேர்.

பிப்ரவரி 9
நான்கு உடல்கள் கிடைத்தன. டிகரி இன்னும் உள்ளே.

பழைய வரைபடத்தை மறுபடி விரித்தேன். காந்த ஊசி ஒரே இடத்தில் நிற்பதில்லை, வருஷாவருஷம் கொஞ்சம் நகரும். முதல் வருஷப் பாடம்! அன்றைய வடக்குக்கும் இன்றைய வடக்குக்கும் நான்கு பாகை வித்தியாசம். அதைத் திருத்தாமல் ஒன்றின்மேல் ஒன்றை வைத்திருக்கிறேன். பழைய சுரங்கம் போன நீளம் ஆயிரத்து எழுநூறு அடி; அதற்கு நான்கு பாகை விலகல் என்றால் — நூற்றிருபது அடி.

அப்போ நடுவுல பாறையே இல்ல. அடப்பாவி, என்ன காரியம் பண்ணிட்டே!

பிப்ரவரி 12
விசாரணை முடிந்தது. பழைய வரைபடம் பிழையாம். அதை வரைந்தவன் செத்து முப்பது வருஷமாகிறது. பழி அவன் தலையில். நான் வாய் திறக்கவில்லை.

பிப்ரவரி 16, ஞாயிறு
சபை வாசலில் டிகரியின் மனைவி ஜெனிபர் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அன்னிக்கு இறங்க மாட்டேன்னுதான் சொன்னாரு. 'படிச்ச ஐயாவுக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரிஞ்சிடுச்சு'ன்னு நான்தான் விரட்டிவிட்டேன். நானே கொன்னுட்டேன் ஐயா."

"அப்படிச் சொல்லாதேம்மா" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். நானெல்லாம் ஒரு மனுஷனா?

பிப்ரவரி 17
அவள் வீட்டு மேசையில் இரண்டு வரைபடங்களையும் விரித்து, ஊசி நகர்ந்ததைக் காட்டினேன். "உன் தப்பு இல்லம்மா. என் தப்பு."

இரண்டு கோடுகளையும் விரலால் தொட்டுப் பார்த்தாள். "அப்ப அவரு நாக்கு சொன்னதுதான் சரி?"

"ஆமாம்மா."

"எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? அவரு இன்னும் உள்ளதான் கிடக்காரு. அவருகிட்ட போய்ச் சொல்லுங்க." எழுந்து கதவைத் திறந்துவிட்டாள்.

பிப்ரவரி 18
விசாரணை அதிகாரிக்கு எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன்.

பிப்ரவரி 24
வேலை போயிற்று. எந்தச் சுரங்கத்திலும் இனி எனக்கு இடமில்லை என்கிறார்கள். சரிதான்.

மார்ச் 21
நீரை இறைத்து முடித்தார்கள். தேடப்போகும் கூட்டத்தோடு கூலியாளாக இறங்கினேன். யாரும் தடுக்கவில்லை, யாரும் பேசவுமில்லை.

டிகரி கிடைத்தான். பூட்ஸை வைத்துத்தான் அடையாளம் தெரிந்தது. பக்கத்தில் துளைக்கோல் கிடந்தது. உடையாமல் நின்ற பாறையில் இரண்டடி ஆழத்துக்கு ஒரு துளை. நான் வேண்டாமென்ற முன்துளை.

மண்டியிட்டு, அவனிடம் சொன்னேன். மற்றவர்கள் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, நான் முடிக்கும்வரை காத்திருந்தார்கள்.